குழாய் உவமை பொருந்துமா?

பக்கவாத விளக்கங்கள் பற்றி ஓர் ஆராய்ச்சி

உவமை செய்யுளுக்கு மட்டும் உரிய அணியன்று. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றால் விளக்க முற்படும் எவர்க்கும் அது வேண்டும். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கோ அது சுண்ணக்கட்டியைப் போல அன்றாடக் கருவி. ஆகவே, ஓர் உவமை தக்கதா தகாததா என்று ஆராயும் வேலையைப் புலவர்களுக்கே விட்டுவிடுதல் கூடாது. பாட்டில் உவமை பிழைத்தால் சுவை கெடும். உடல்நலம் பற்றிய பாடத்தில் உவமை பிழைத்தாலோ, கேட்டவன் ஆபத்து வேளையில் பிழையாக நடந்துகொள்வான்.

பக்கவாதத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளையும், மேடைகளில் நிகழும் சொற்பொழிவுகளையும் கவனித்து வருபவர்கள், அவற்றுள் ஓர் உவமை தவறாமல் இடம்பெறுவதைக் கண்டிருப்பார்கள். இரத்த நாளம் ஒரு தண்ணீர்க் குழாய்; நாளடைவில் அதில் அழுக்குப் படிகிறது; ஒரு நாள் அடைத்துக்கொள்கிறது; நீர் வராத மூளைப் பகுதி செயலற்றுப் போகிறது; அடைப்பை நீக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். 'இரத்தக் குழாய்' என்று நாம் வழங்கும் பெயரிலேயே இவ்வுவமை குடியேறிவிட்டது. இது எளிது, சிறுவர்க்கும் விளங்கும். ஆனால், எளிமை ஒன்றே உவமைக்கு இலக்கணம் ஆகாது.

உவமை தோன்றும் வகையைத் தொல்காப்பிய உவமவியல் நான்காக வகுக்கிறது. தொழில் பற்றி வருவது, பயன் பற்றி வருவது, வடிவு பற்றி வருவது, நிறம் பற்றி வருவது என்பன அவை. ஒவ்வோர் உவமையும் நான்கிலும் பொருந்தவேண்டும் என்பதில்லை. எதில் பொருந்துகிறது என்பதை அறிந்து, அதற்கு மேல் அதனை இழுக்காதிருத்தலே கற்பிப்போர் கடமை. நிறத்தை ஈண்டு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு குழாய் உவமையை உரைத்துப் பார்ப்போம்.

வடிவில் பொருத்தம்

உவமைக்கு உரிய பெருமையை முதலிலேயே கொடுத்துவிடுவோம். மூளையைத் தாக்கும் இந்நோய் இருவகைப்படும். நாளம் வெடித்து இரத்தம் கசிவது ஒன்று. நாளம் அடைபட்டு இரத்தம் கிடைக்காமற் போவது மற்றொன்று. இரண்டாவதே மிகுதி. அவ்வடைப்பு மூளை நாளத்திலேயே உண்டாகலாம். கழுத்து நாளத்திலோ இதயத்திலோ உண்டான உறைகட்டி பெயர்ந்து வந்து சிக்கிக்கொள்ளவும் செய்யலாம். ஓரிடத்தில் தோன்றிய கட்டி இரத்த ஓட்டத்தோடு சென்று வேறோரிடத்தை அடைக்கும் என்னும் உண்மையைச் செர்மானிய அறிஞர் ருடால்ப் விர்கோ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைநாட்டினார். உள்ளே புழையுடையதாய், நீர்மத்தைக் கொண்டு செல்வதாய் உள்ள பொருள் என்ற அளவில் நாளமும் குழாயும் ஒத்தனவே.

அடைப்பைத் திறக்கும் மருத்துவமும் இவ்வுவமைக்கு வலுவூட்டியது. நோய் கண்ட 3 மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினால் ஊனமின்றித் தேறுவோர் தொகை கூடும் என்பதை 1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டிற்று. 2008-இல் அவ்வெல்லை 4½ மணி நேரமாக நீண்டது. பெரிய நாளத்தில் சிக்கிய கட்டியைக் கவட்டு நாளத்தின் வழியே மெல்லிய கம்பிவலையைச் செலுத்திப் பிடித்து வெளியே இழுத்துவிடும் முறை நற்பயன் தரும் என்பதை 2015-இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் ஐயமற நிறுவின.

விரைவின் இன்றியமையாமையையும் குழாய் உவமை ஓரளவு உணர்த்துகிறது. மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் செலவிடும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது ஒன்றே வாங்கிக்கொள்கிறது. பெரிய நாளம் ஒன்று அடைபட்டால், மருத்துவம் பெறாத ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஜெப்ரி சேவர் என்னும் மருத்துவர் கணக்கிட்டுக் கூறினார். இவ்வளவில் உவமையை வரவேற்கலாம். இதற்கு மேல்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

தொழிலில் பொருத்தமின்மை

தண்ணீர்க் குழாயில் படியும் அழுக்கு உயிரற்றது. அது ஒருவரையும் அழைப்பதில்லை, ஒருவருடனும் கைகோப்பதில்லை. குழாயின் சுவரும் அவ்வாறே வாளா கிடப்பது. இரத்த நாளத்தின் உட்சுவரோ உயிரணுக்களால் ஆனது. அதனை அடைக்கும் கட்டியும் பல உயிர்ப்பொருள்கள் கூடித் தொழிற்படுவதால் விளைவது. அவற்றுள் முன்னணியில் நிற்பவை இரத்தத் தட்டுகள்.

எலும்பு மச்சையில் உள்ள பேரணுக்கள் பிரித்து அனுப்பும் துணுக்குகளே இரத்தத் தட்டுகள். அவற்றுக்கு உட்கரு இல்லை. ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறாக்கினால் அவற்றுள் 2 அல்லது 3 கூறே ஒரு தட்டின் குறுக்களவு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1½ இலட்சம் முதல் 4½ இலட்சம் வரை அவை உலவுகின்றன. 7 முதல் 10 நாளில் அவற்றின் வாழ்வு முடிகிறது. காயம்பட்ட நாளச் சுவரில் முந்தி வந்து ஒட்டுபவை இவையே என்பதை, உயிருள்ள விலங்கின் நுண்ணிய நாளங்களை உருப்பெருக்கியில் நோக்கி, இத்தாலிய அறிஞர் ஜூலியோ பிசோசெரோ 1882-இல் விளக்கினார். 'சிறு தட்டு' என்று பொருள்படும் பெயரை இட்டவரும் அவரே.

பெயர் அழகியதே. ஆயினும் அது ஓய்ந்திருக்கும் நிலையை மட்டும் காட்டுகிறது. கிளர்ச்சியுற்ற தட்டு தட்டாக இருப்பதில்லை. நாற்புறமும் கைகளை நீட்டி விண்மீன் வடிவு கொள்கிறது. நாளத்தின் உட்சுவர் கிழிபட்டு அடியிலுள்ள கொலாஜன் நார்கள் வெளிப்பட்டவுடன், வான் வில்லெபிராண்டு காரணி என்னும் நீண்ட புரதம் அங்கே பற்றிக்கொள்கிறது. விரைந்தோடும் இரத்தத்தில் செல்லும் தட்டை அப்புரதம் தூண்டில் போலப் பிடித்து நிறுத்துகிறது. நின்ற தட்டு துரோம்பாக்சேன் முதலிய பொருள்களை வெளிவிட்டு அருகிற் செல்லும் தட்டுகளை அழைக்கிறது. வந்தவை ஒன்றோடொன்று பைபிரினோசன் என்னும் புரதத்தால் பிணைகின்றன. இஃது அழுக்குப் படிதல் அன்று, ஆள் திரட்டல்.

திரட்டல் இத்துடன் நிற்பதுமில்லை. கிளர்ந்த தட்டு பி-செலெக்டின் என்னும் புரதத்தைத் தன் மேற்பரப்பில் கொணர்ந்து நிறுத்துகிறது. கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்கள் அதனைப் பற்றிக்கொண்டு வந்து சேர்கின்றன. அவ்வெள்ளணுக்களுள் ஒருவகை, தன் உட்கருவிலுள்ள மரபுப்பொருளையே நூலாக இழைத்து வலையாக வீசும் என்பதை 2004-இல் பெர்லின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கிருமியைப் பிடிப்பதற்கென அமைந்த அவ்வலை, நாளத்தினுள் வீசப்பட்டால் தட்டுகளையும் சிவப்பணுக்களையும் சிக்கவைத்துக் கட்டியை இறுக்குகிறது. நோயாளிகளின் மூளை நாளங்களிலிருந்து இழுத்தெடுத்த கட்டிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் தட்டுகளோடும் வில்லெபிராண்டு காரணியோடும் இவ்வலைகளும் பின்னிக் கிடப்பதைக் கண்டுள்ளனர். கட்டியைக் கரைக்கும் மருந்து பைபிரின் இழையை வெட்டவல்லது. மரபுப்பொருள் இழையை வெட்டவல்லது அன்று. சில கட்டிகள் அம்மருந்துக்கு எளிதில் இணங்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இரத்தம் உறைதலும் அழற்சியும் தனித்தனி நிகழ்ச்சிகள் என்று எண்ணியிருந்த காலம் மாறிவிட்டது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு கைகள் என்னும் கருத்தை, செர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்களாகிய நீஸ்வாண்டு, கிளைன்ஷ்னிட்ஸ், ஸ்டோல் ஆகிய மூவரும் 2011-இல் வலியுறுத்தினர். 'உறைவழற்சி நோய்' என நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். குழாய் உவமையில் இவ்விரண்டாம் கைக்கு இடமே இல்லை.

பயனில் பொருத்தமின்மை

அடைபட்ட குழாயைத் திறந்தால் தண்ணீர் பாயும். அத்துடன் கதை முடிந்தது. மூளையில் அவ்வாறு முடிவதில்லை. மேலே கூறிய ஐந்து ஆய்வுகளின் 1,287 நோயாளிகளையும் ஒருசேரக் கணக்கிட்டு 2016-இல் வெளியிட்டனர். கட்டியை இழுத்தெடுக்கும் மருத்துவம் பெற்றோருள் 46 விழுக்காட்டினர் 90 நாளுக்குப் பின் பிறர் துணையின்றி வாழும் நிலையை அடைந்தனர். அது பெறாதவருள் 26.5 விழுக்காட்டினரே அந்நிலையை அடைந்தனர். இது பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால், மருத்துவம் பெற்றோருள் 71 விழுக்காட்டினருக்கு இரத்த ஓட்டம் நன்கு மீண்டிருந்தது. ஓட்டம் மீண்டவர் தொகைக்கும் நலம் மீண்டவர் தொகைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைக் குழாய் உவமை எவ்வாறு விளக்கும்?

திறப்பதற்கு முன்பே இறந்துபோன பகுதியை எவராலும் மீட்க முடியாது. அஃது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. பெரிய நாளம் திறந்த பின்பும் அதன் கிளைகளாகிய மயிரிழை நாளங்களில் இரத்தம் புகாதிருக்கும் நிலையை அமெரிக்க அறிஞர் ஏம்ஸ் 1968-இலேயே விலங்குகளிடம் கண்டு எழுதினார். பின்வந்த ஆய்வுகள், அந்நுண்ணாளங்களில் தட்டுகளும் வெள்ளணுக்களும் சிக்கி நிற்பதையும், நாளச்சுவர் வீங்கி நெருக்குவதையும், மூளையைக் காக்கும் தடுப்பு தளர்ந்து நீர் கசிவதையும் எடுத்துக்காட்டின. வாய்க்கால் மடையைத் திறந்தோம். வயலுக்குள் நெருப்பு இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது என்பதே நிலைமை.

அங்ஙனமாயின் நெருப்பை அணைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அறிஞர்களுக்கும் அவ்வாறே தோன்றியது. அழற்சியின்போது வெள்ளணுக்கள் நாளச்சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை 625 நோயாளிகளிடம் ஆராய்ந்த முடிவு 2001-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களே மோசமாயினர். தட்டுகள் ஒன்றோடொன்று பிணைவதைத் தடுக்கும் அப்சிக்சிமாப் என்னும் மருந்தைப் பற்றிய ஆய்வு, இரத்தக் கசிவு மிகுந்தமையால் 2005-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அழற்சியைத் தணிக்கும் கொல்சிசின் என்னும் பழைய மருந்தைச் சீனத்தில் 8,343 பேரிடம் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டனர். 90 நாளுக்குள் நோய் மீண்டும் தாக்குவதை அது குறைக்கவில்லை.

இத்தோல்விகள் வீண்போனவை அல்ல. தட்டு முதலில் சுவரைப் பற்றும் கை வேறு. பின்னர்த் தட்டோடு தட்டு பிணையும் கை வேறு. 2007-இல் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர் எலிகளிடம் முதற்கையைத் தடுத்தபோது மூளைச் சேதம் குறைந்தது, கசிவும் மிகவில்லை. இரண்டாம் கையைத் தடுத்தபோது சேதம் குறையாமல் கசிவே மிகுந்தது. எந்தக் கையை, எந்த வேளையில் பிடிப்பது என்பதே வினா. எலிக்குப் பொருந்தியது மனிதனுக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. ஆனால் வழி எப்பக்கம் என்பதை அது காட்டுகிறது. மேலும், அழற்சி முற்றும் பகையும் அன்று. இறந்த அணுக்களைத் துடைத்து அகற்றிப் புண்ணை ஆற்றுவதும் அதுவே. அடுப்பிலும் நெருப்பு உண்டு, கூரையிலும் நெருப்பு உண்டு என்பதை நாம் அறிவோம். அறிவியலறிஞர் இன்று போராடுவது அவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே.

சொற்களின் நிலை

உவமையை ஆராய்ந்த நாம் சொற்களையும் சிறிது நோக்குவோம். பக்கவாதம் என்பதிலுள்ள 'வாதம்' காற்றைக் குறிக்கும். பாரிச வாயு என்னும் பழைய வழக்கும் அதுவே. நம் அண்டையில் வாழும் மலாய் மக்கள் இந்நோயை 'அங்கின் அஹ்மார்' என்பர். செங்காற்று என்பது பொருள். சீனர் 'சோங்பெங்' என்பர். காற்றால் தாக்குண்டது என்பது பொருள். இந்நாட்டில் ஒருங்கு வாழும் மூவினத்தாரும் இதற்குக் காற்றின் பெயரையே இட்டது வியப்புக்குரியது. கண்ணுக்குத் தெரியாமல் வந்து திடீரென வீழ்த்துவதைக் கண்டு முன்னோர் இட்ட பெயர் அது. அவர்கள் கண்ட காட்சி பொய்யன்று.

ஆயினும் அப்பெயர் மனத்தைக் கைகால்களின்பால் திருப்பிவிடுகிறது. நோய் இருப்பது மூளையில். அதுவும், செயலிழந்த பக்கத்திற்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில். காற்றுப் பிடித்துக்கொண்டது என்று எண்ணுபவர், தைலம் தேய்த்து வெந்நீர் ஒற்றடம் கொடுத்து விடியும்வரை காத்திருப்பர். தோட்டங்களில் இவ்வாறு கழிந்த இரவுகளை நம்மில் பலர் அறிவோம். பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பெயரைக் கூறும்போதெல்லாம் 'இது மூளை நோய்' என்று சேர்த்துக் கூறுதல் நம் கடமை.

'அழற்சி' என்னும் சொல்லோ மிக நல்ல சொல். அழல் என்னும் நெருப்பை அடியாகக் கொண்டது. சிலர் அதற்கு ஈடாக 'வீக்கம்' என்று எழுதுகின்றனர், அது குறைபாடு. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என நான்கு அறிகுறிகளை உரோமானிய ஆசிரியர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கூறினார். வீக்கம் அவற்றுள் ஒன்றே. மூளைத் திசுவுக்கோ வலியுணர்வு இல்லை. ஆகையால் அடைப்பினால் வரும் பக்கவாதம் பெரும்பாலும் வலியின்றியே வருகிறது. 'வலிக்கவில்லையே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுதல் இதனாலேயே.

'இரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்பது குழாய் உவமை பெற்றெடுத்த பிள்ளை. ஆஸ்பிரின் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. தட்டு பிற தட்டுகளை அழைக்கும் துரோம்பாக்சேன் உண்டாவதை அது தடுக்கிறது; அழைக்கும் வாயை அடைக்கிறது எனலாம். உட்கரு இல்லாத தட்டு அவ்வாயை மீண்டும் ஆக்கிக்கொள்ள முடியாது. தன் வாழ்நாள் முடியும்வரை ஊமையாகவே இருக்கும். ஆஸ்பிரின் செயற்படும் வகையை 1971-இல் விளக்கிய ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1997-இல் வெளிவந்த இரு பேராய்வுகள் ஏறத்தாழ 40,000 நோயாளிகளை ஆராய்ந்து, 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின் தொடங்குவதால் சிறிய ஆனால் உறுதியான நன்மை உண்டு எனக் கண்டன. ஆனால் அந்நன்மை அடைப்பு நோய்க்கே உரியது. நாளம் வெடித்த நோயாளிக்குத் தட்டே காவல். அக்காவலை ஊமையாக்குதல் கேடு. அடைப்போ வெடிப்போ என்பதை வெளித்தோற்றத்தால் ஐயமறக் கூற மருத்துவராலும் இயலாது. சி.டி. ஸ்கேன் எனப்படும் படம் எடுத்த பின்னரே அது தெளிவாகும்.

தக்க உவமை யாது?

ஓர் உவமையைக் குறைகூறுபவன் வேறொன்றைத் தருதல் வேண்டும். நம் பிள்ளைகள் அறிந்த பால்மரமே போதும். உளியால் பட்டையைச் சீவியவுடன் பால் சொட்டி மங்கில் விழுகிறது. சில மணி நேரத்தில் ஓட்டம் தானே நின்றுவிடுகிறது. யாரும் அடைக்கவில்லை; மரம் தானே அடைத்துக்கொண்டது. பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்ணிய பைகள் வெட்டுவாயில் உடைந்து, உள்ளிருந்த பொருளை வெளிவிட, ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் நாளத்தின் வாயை மூடுகின்றன. இந்நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் 1960-களில் இதனை விரிவாக ஆராய்ந்தனர்.

தொழிலில் இது பொருந்துகிறது: காயம் கண்டு உடையும் பை, கிளர்ந்த தட்டுக்கு நேர். பயனிலும் பொருந்துகிறது: மரத்தைக் காக்க அமைந்த அதே செயல், வேண்டாத இடத்தில் நிகழ்ந்தால் கேடாகும். வெள்ளணுக்களின் வருகைக்கு ஒப்பாக இதில் ஒன்றும் இல்லை. அதற்கு நெருப்பு உவமையைத் துணைகொள்ளலாம். உவமையின் எல்லையை மாணவரிடம் சொல்லிவிடுதலும் கற்பித்தலின் ஒரு கூறே.

ஆசிரியர் செய்யத்தக்கன

ஆசிரிய அன்பர்கள் இவை கொண்டு செய்யத்தக்கன சில. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றனுள் ஒன்று திடீரெனத் தோன்றினும், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்னும் எண்ணுக்கு உடனே அழைக்கவேண்டும் என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளையும் கற்றிருத்தல் வேண்டும். பெற்றோர் வேலைக்குச் சென்ற வீட்டில் பாட்டியோடு இருப்பவன் அவனே. நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தை நினைவில் வைக்கச் சொல்லுங்கள்; மருத்துவர் கேட்கும் முதல் வினாக்களுள் அதுவும் ஒன்று. விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கலாமாதலின் நீரோ உணவோ மாத்திரையோ வாயில் இடலாகாது. மருத்துவர் முன்பே கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், கொடாத மாத்திரையைத் தாமாகத் தொடங்குவதும் ஒருங்கே தவறு.

இன்னும் ஒன்று உண்டு. 'அடைப்பை எடுத்துவிட்டார்களாம், கை ஏன் வரவில்லை? மருத்துவர் பிழை செய்தாரோ? இனி வராதோ?' என்று கலங்கும் குடும்பங்கள் பல. அக்கலக்கத்தில் பயிற்சியை விட்டுவிடுவோரும் உளர். குழாய் உவமை அவர்களுக்கு விடை கூறாது. கட்டி எடுபட்ட பின்னும் உள்ளே அழல் அடங்கவும் புண் ஆறவும் காலம் வேண்டும். மூளை மீண்டும் கற்க வேண்டும். அதற்குப் பயிற்சி இடைவிடாது வேண்டும் என்று எடுத்துரைக்கும் விளக்கமே அவர்களுக்குத் துணையாகும். அத்தகைய விளக்கத்தைத் தெளிந்த தமிழில் தருவது, மொழியைக் கற்பிக்கும் நம் பொறுப்பே ஆகும். அப்பொறுப்பை ஏற்று, நம் பாடக் குறிப்புகளில் உள்ள உவமைகளை ஒருமுறை உரைத்துப் பார்ப்போமாக.